ஆகஸ்ட் மரணங்கள்: கோரக்பூர் கணக்கை எப்படி வாசிப்பது?

2017 ஆகஸ்ட் 10 இரவு, உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரிலுள்ள பாபா ராகவ் தாஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழாய்வழி ஆக்சிஜன் வழங்கல் தடைபட்டது. வழங்கிய நிறுவனத்துக்கு 60 லட்சம் ரூபாய்க்கும் மேல் பாக்கி. இரண்டே நாள்களில் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். ஆக்சிஜன் பற்றாக்குறை காரணமல்ல என்று அரசு மறுத்தது. மறுப்புக்குத் துணையாகச் சுகாதார அமைச்சர் ஒரு கணக்கை முன்வைத்தார்: அதே மருத்துவமனையில் 2014 ஆகஸ்டில் 567, 2015 ஆகஸ்டில் 668, 2016 ஆகஸ்டில் 587 குழந்தைகள் இறந்திருந்தனர்.

இதைத் தற்காப்பு வாதமாக ஊடகங்கள் பலவும் ஏற்றுக்கொண்டதுதான் வியப்பு. சட்டம் படித்தவர் கண்ணுக்கு இது ஒப்புதல் வாக்குமூலம். அலட்சியத்தை நிறுவ முதலில் காட்டவேண்டியது, தீங்கு முன்கூட்டியே அறியத்தக்கதாக இருந்தது என்பதே. அதை அமைச்சரே மாதக் கணக்குடன் மெய்ப்பித்துவிட்டார்.

ஏன் ஆகஸ்ட்? மழைக்காலத்தில் வயல்நீரில் பெருகும் கொசுக்கள் பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் 1978 முதல் அப்பகுதியில் அறியப்பட்டது. தடுப்பூசி 2006இல்தான் வந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள், மூளைக்காய்ச்சல் நோயாளிகளில் கணிசமானோருக்கு ஸ்க்ரப் டைஃபஸ் தொற்று இருந்ததைக் காட்டின. புதர்ச்செடிகளில் வாழும் நுண்ணிய பூச்சியின் கடியால் வருவது அது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற மலிவான மருந்துகளே போதும். ஆனால், ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லாதபோது, காய்ச்சல் மூளையை எட்டிய பிறகே குழந்தை நகரத்தை அடைகிறது. அந்த ஆகஸ்டில் இறந்தவர்களில் பலர் பச்சிளங்குழந்தைகள். எடைக்குறைவு, பிறப்பின்போது மூச்சுத்திணறல், தொற்று ஆகியவை அவர்களுடைய நோய்கள். மருத்துவமனைப் பதிவேடு மரணம் முடிந்த இடத்தைச் சொல்கிறது. அது தொடங்கிய இடத்தைச் சொல்வதில்லை.

சாதியையும் அது சொல்வதில்லை. மரணக் காரணச் சான்றிதழ்ப் படிவத்தில் அதற்கு இடமே கிடையாது. கணக்கெடுப்பில் மட்டுமே அது தெரிகிறது: ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 41.9. பட்டியல் சாதியினரிடையே இது ஏறத்தாழ 49. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத பிரிவினரிடையே ஏறத்தாழ 33.

நிதியில்லை என்ற சாக்கும் செல்லாது. ‘பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி’ வழக்கில் (1996), உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்கத் தவறுவது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பை மீறுவதாகும் என்றும், நிதிநெருக்கடியைக் காட்டி அரசு இக்கடமையிலிருந்து விலக முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோரக்பூரிலோ சிறைக்குச் சென்றவர்களில் ஒருவர் குழந்தைகள்நல மருத்துவர் கஃபீல் கான். அவர் தனிப்பட்ட முறையில் அலட்சியம் காட்டியதாக நிறுவ ஆவணம் எதுவுமில்லை என்று கூறி, 2018 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிணை வழங்கியது.

உங்கள் மாவட்டத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதும் மாணவர்கள் மொத்த மரண எண்ணிக்கையோடு நின்றுவிட வேண்டாம். மாதவாரி மரணங்கள், இறந்த குழந்தையின் வயது, எங்கிருந்து எத்தனையாவது நாளில் அனுப்பப்பட்டது, ஆக்சிஜன் நிறுவனத்துக்கான நிலுவை ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள்.