நூல் ஏன் அடம்பிடிக்கிறது?

குரோஷே பின்னுபவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு டிசைனில் தொடங்கி நூலில் வந்து நிற்கும். ஒருவருக்கு நூல் புரிபுரியாகப் பிரிகிறது. இன்னொருவருக்கு அது ஊசியோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. மூன்றாமவர், தப்பிப்போன இரண்டு வரிசையைப் பிரிக்கப் போய் நூலே பஞ்சாகிவிட்டது என்கிறார். புதிதாகக் கற்றுக்கொள்பவர் மட்டும் பேசாமல் இருப்பார். இந்தக் கலை தன் கைக்கு வராது என்று அவர் முடிவு கட்டியிருப்பார்.

அந்த முடிவு பெரும்பாலும் தவறு. நூலின் அடம் அதன் நாரிலும் முறுக்கிலும் உராய்விலும் இருக்கிறது. ஒவ்வொரு தொல்லைக்கும் இயற்பியலோ வேதியியலோ சொல்லும் தெளிவான காரணம் உண்டு. அது தெரியாததால் எத்தனையோ பேர் முதல் தொப்பியைக்கூட முடிக்காமல் ஊசியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

அதிகம் கேட்கும் புகாரிலிருந்து தொடங்கலாம்: நூல் பிரிகிறது. ஒரு சாதாரண கம்பளி நூலின் முனையை விரலால் நெருடினால் மூன்று நான்கு மெல்லிய புரிகள் தனித்தனியாக விலகும். ஒரு புரியை மேலும் பிரித்தால், சில அங்குலமே நீளமுள்ள நார்கள் கையில் வரும். பசை கிடையாது, முடிச்சு கிடையாது. இத்தனை குட்டை நார்களால் நூறு மீட்டர் நூல் எப்படி அறாமல் நிற்கிறது? கலிலியோ 1638ல் வெளியிட்ட ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலின் தொடக்கப் பகுதியிலேயே கயிற்றைப் பற்றி இதே கேள்வி வருகிறது. முறுக்கும்போது நார்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன என்பது அங்கே கிடைக்கும் விடை.

அந்தப் பிடிப்பைக் கணக்கில் கொண்டுவர இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. 2018ல் பேட்ரிக் வாரன், ராபின் பால், ரேமண்ட் கோல்ட்ஸ்டைன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் ‘ஃபிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்’ இதழில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நார்களுக்கு இடையிலான உராய்வு சிறியதுதான். ஆனால் ஒரு நார் பல நார்களைத் தொடுகிறது, அவை ஒவ்வொன்றும் வேறு பலவற்றைத் தொடுகின்றன. இந்தத் தொடர்பு ஓர் எல்லையைத் தாண்டியதும் நூலின் இயல்பே மாறிவிடுகிறது. அதன்பின் நார்கள் வழுக்கி விலகுவதில்லை. நூல் அற வேண்டுமானால் நார்களே அற வேண்டும்.

எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கும் நூலைப் பார்க்க வேண்டுமானால் ஐஸ்லாந்துக்குப் போக வேண்டும். அங்கே முறுக்கே ஏற்றாத ‘ப்ளோட்டுலோப்பி’ என்ற கம்பளியை வட்டத் தட்டுகளாகச் சுற்றி விற்கிறார்கள். இரண்டு கையால் மெல்ல இழுத்தாலே அது விலகி வந்துவிடும். பின்னி முடித்த பிறகோ, கண்ணிகள் நார்களை நெருக்கிப் பிடிப்பதால் ஸ்வெட்டர் வருடக்கணக்கில் உழைக்கிறது.

முறுக்கு கூடினால் நூல் வலுவாகும், வழவழப்பாகும், கூடவே விறைப்பாகவும் ஆகும். குறைந்தால் காற்று உள்ளே தங்கி மெத்தென்று இருக்கும், ஆனால் புரிகள் எளிதில் விலகும். கடைக்கு வருபவர் நூல்கண்டை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்த்து, மிருதுவாக இருப்பதை வாங்குகிறார். உற்பத்தியாளரும் அந்த அழுத்தலுக்கு ஏற்றபடி முறுக்கைத் தளர்த்துகிறார். கடையில் கையைக் கவரும் குணமே வீட்டில் ஊசியோடு மல்லுக்கு நிற்கிறது.

இதில் குரோஷேக்காரர்களின் பாடு, இரண்டு ஊசி வைத்து நிட்டிங் பின்னுபவர்களைவிடக் கடினம். நிட்டிங்கில் அடுத்துப் பின்ன வேண்டிய கண்ணிகள் எல்லாம் ஊசியின் மேல் வாய் திறந்தபடி வரிசையாக நிற்கும். குரோஷேயில் அந்த வசதி இல்லை. ஏற்கெனவே இறுகிப்போன தையலின் அடியில் கொக்கியை நுழைத்து, நூலைப் பிடித்து, அதே வழியாக வெளியே இழுக்க வேண்டும். கொக்கி நுழையும்போது ஒரு தரம், திரும்பும்போது ஒரு தரம், புரிகளுக்கு இடையே மாட்டிக்கொள்ள இரண்டு வாய்ப்புகள்.

முறுக்கின் திசையும் சேர்ந்துகொள்கிறது. நூலைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தால் புரிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். ஆங்கில எழுத்து ‘எஸ்’ஸின் நடுப்பகுதி போலச் சாய்ந்தால் எஸ் முறுக்கு, ‘இஸட்’ போலச் சாய்ந்தால் இஸட் முறுக்கு. சந்தையில் கிடைக்கும் பின்னல் நூல்களில் பெரும்பாலானவை கடைசி முறுக்கில் எஸ் வகை. வலது கையால் வழக்கமான முறையில் கொக்கியில் நூலைச் சுற்றி இழுக்கும்போது இந்த முறுக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. லேஸ் பின்னுவதற்கென்றே வரும் குரோஷே பருத்தி நூல்களில் பலவற்றை இஸட் முறுக்கில் தயாரிப்பது இதனால்தான். ஒரே நூல் அக்காவுக்குப் பிரிந்தும் இடக்கைக்காரத் தங்கைக்குப் பிரியாமலும் இருந்தால், பழியைக் கைத்திறன் மேல் போட வேண்டியதில்லை.

நூல்கண்டின் நடுவிலிருந்து நூலை உருவினாலும் முறுக்கு மாறும். ஒவ்வொரு சுற்று கழலும்போதும் நூலில் ஒரு முறுக்கு ஏறும் அல்லது இறங்கும். கண்டை உருளவிட்டு வெளிப்பக்கத்திலிருந்து எடுத்தால் இந்த மாற்றம் இல்லை. பிரியும் நூலோடு போராடுபவர் வேறு நூல் வாங்குவதற்கு முன், மறுமுனையிலிருந்து பின்னிப் பார்ப்பது நல்லது.

அடுத்த புகார் ஒட்டுதல். கொக்கியில் நூல் நகர மாட்டேன் என்கிறது, சில சமயம் கிறீச்சிடவும் செய்கிறது. இது பெரும்பாலும் அக்ரிலிக் நூலின் குணம். 1940களில் ட்யூபான்ட் நிறுவனம் உருவாக்கி, ‘ஓர்லான்’ என்ற பெயரில் 1950ல் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கிய நார் இது. விலை குறைவு, துவைப்பது சுலபம், பூச்சி அரிக்காது. தமிழ்நாட்டுக் கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டு வாங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். பிளாஸ்டிக் ஊசியில் அக்ரிலிக் நூல் நகரும்போது பிடிப்பும் வழுக்கலும் மாறி மாறி நடக்கின்றன. ஒரு கணம் ஒட்டும், இழுவிசை ஏறியதும் சட்டென்று வழுக்கும், மறுபடி ஒட்டும். வயலின் கம்பியை வில் ஒலிக்கவைப்பதும் இதே இயக்கத்தால்தான். வழவழப்பான அலுமினிய ஊசிக்கு மாறினால் பலருக்குச் சத்தமும் சிரமமும் குறைகின்றன.

ஒட்டுதலை விரல் இன்னும் பெரிதாக்குகிறது. நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றி, ஆள்காட்டி விரல் மேல் ஓடவிடுவது வழக்கம். சுற்றிய கயிற்றில் இழுப்பு எப்படி ஏறும் என்பதை ஆய்லர்–ஐடெல்வைன் சமன்பாடு சொல்கிறது. கப்பல் கயிற்றைத் துறைமுகக் கம்பத்தில் சில சுற்று சுற்றிவிட்டு ஒரே ஆள் பிடித்து நிற்க முடிவது இந்தக் கணக்கால்தான். உராய்வு எண் 0.2 என்றால், ஒரு முழுச் சுற்றுக்குப் பின் இழுப்பு ஏறக்குறைய மூன்றரை மடங்காகும். எண் 0.4 ஆனால் ஏழு மடங்காகும் என்று தோன்றும். ஆகாது, பன்னிரண்டு மடங்காகும். நூல் கொஞ்சம் பிசுபிசுத்தாலே தையல்கள் கல்லாக இறுகிவிடுவது இப்படித்தான்.

நம் ஊர் வெயிலையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஈரத் தோலில் உராய்வு அதிகம். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு வரை காற்றின் ஈரத்தை இயல்பாக உள்வாங்கும், பருத்தி 8 விழுக்காடு அளவுக்கு. அக்ரிலிக் 2 விழுக்காட்டைக்கூடத் தொடாது. விரல் வியர்வை நூலுக்குள் போகாமல் மேலேயே நிற்கும். சித்திரை மாதத்தில் சென்னையில் அமர்ந்து அக்ரிலிக் நூலில் போர்வை பின்னுபவர், விரலில் ஒரு சுற்றைக் குறைத்துக்கொண்டால் அன்றைய வேலை தப்பும்.

பருத்திக்கு வேறு குறை. வியர்வையை அது வாங்கிக்கொள்ளும், ஆனால் வளைந்துகொடுக்காது. கம்பளி நாரில் இயற்கையாகவே சுருள் உண்டு. அதன் கெரட்டின் புரத மூலக்கூறுகளும் சுருண்டவை. தன் நீளத்தில் கால் பங்கு வரை இழுத்தாலும் பெரும்பாலும் அறாமல் திரும்ப முயலும். பருத்தி நாரோ பத்து விழுக்காடு நீள்வதற்குள்ளேயே பொதுவாக அறுந்துவிடும். கம்பளியில் பின்னும்போது கண்ணியை இழுக்கும் வேலையில் ஒரு பகுதியை நூலே செய்கிறது. பருத்தியில் அத்தனையும் மணிக்கட்டின் வேலை. ஆந்திரத்தின் நரசாபுரம் பகுதியில் தலைமுறைகளாகப் பருத்தி நூலில் குரோஷே லேஸ் பின்னும் பெண்களின் உழைப்பை எடைபோடும்போது இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பருத்தியை ஓரளவு பணியவைத்தவர் இங்கிலாந்தின் ஜான் மெர்சர். காரக் கரைசலில் பருத்தி நார் உப்பி உருண்டையாவதை 1844ல் கண்டுபிடித்து, 1850ல் காப்புரிமை பெற்றார். துணி சுருங்கிவிட்டதால் அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1890ல் ஹொரேஸ் லோ, நூலை இழுத்துக் கட்டியபடி அதே கரைசலில் முக்கியபோது சுருக்கம் நின்றது, பட்டுப் போன்ற பளபளப்பும் வந்தது. ‘மெர்சரைஸ்டு’ என்று லேபிளில் போட்டிருக்கும் பருத்தி நூல் கொக்கியில் வழவழவென்று ஓடுவது அந்த இருவரின் கொடை.

தப்பிப்போன வரிசையைப் பிரிக்கும்போது உண்மையாகவே கண்ணீர் வரவழைப்பது மொஹேர். அங்கோரா ஆட்டின் முடி அது. நூலின் நடுவே மெல்லிய இழை ஒன்று, சுற்றிலும் தூவலாக நிற்கும் நீண்ட நார்கள். பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகளின் நார்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுவதால் நூலை உருவ வழியில்லை. செம்மறியாட்டுக் கம்பளியில் இது இன்னும் மோசமாகலாம். அதன் நார்மேல் ஓட்டுக் கூரையின் ஓடுகள் போலச் செதில்கள் அடுக்கியிருக்கும். ஒரு திசையில் நகரும், எதிர்த்திசையில் தடுக்கும். அசைய அசைய நார் ஒரு பக்கமாகவே உள்ளே போய் இறுகும். பின்னுபவர்கள் சிலர் சிக்கிய மொஹேரைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிரிக்கிறார்கள். அதையும்விடப் பயனுள்ள வழி, மாதிரியை முதலில் சாதாரண நூலில் பின்னி, கணக்கு சரிதான் என்று உறுதியான பிறகு மொஹேரைத் தொடுவது.

இப்போது பொம்மை பின்னுபவர்களிடையே பரவியிருக்கும் ஷெனீல் நூல் வேறு ரகம். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரச் சால்வை நெசவாளர்களிடையே 1830களில் இது பெயர் பெற்றது. இரண்டு மெல்லிய நூல்களை முறுக்கும்போது இடையில் குட்டைக் குட்டையான நார்த் துணுக்குகளைச் செருகிவிடுவார்கள். வெல்வெட் போன்ற மேற்பரப்பு கிடைக்கும். ஆனால் அந்தத் துணுக்குகளைப் பிடித்திருப்பது முறுக்கு மட்டுமே. மூன்று முறை பிரித்துப் பின்னினால் அங்கங்கே உதிர்ந்து உள்நூல் தெரியும். தையல் எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்கும் தெரியாது. தேர்ந்தவர்கள் இடது கட்டைவிரலால் தடவித் துளையைக் கண்டுபிடிக்கிறார்கள். கண் செய்யும் வேலையை விரல் செய்யக் கற்பது பெரிய திறமை. அதைப் புதியவர்களின் முதல் பொம்மையிலேயே எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கறுப்பு நூலும் கண்ணைத்தான் சோதிக்கிறது. வெளிர் நூலில் தையலின் மேடு வெளுப்பாகவும் இடுக்கு நிழலாகவும் தெரியும். கறுப்பில் மேடும் இடுக்கும் ஒன்றுபோல் ஒளியை விழுங்கும். வயது ஏறினால் கண்பாவை சுருங்கி, விழிவில்லை மஞ்சளாகி, விழித்திரைக்குப் போகும் ஒளியும் குறையும். மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டால் துளைகள் பின்னாலிருந்து வெளிச்சம் பெற்றுத் தெரியும்.

சிக்கு விழுவதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் டோரியன் ரேமரும் டக்ளஸ் ஸ்மித்தும் ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டுச் சுழற்றினார்கள். மொத்தம் 3,415 முறை. 2007ல் முடிவு வெளியானது. சில நொடிகளில் முடிச்சுகள் விழுந்தன, ஏறக்குறைய 120 வெவ்வேறு வகைகள். நீளம் குறைந்தால், விறைப்பு கூடினால், அல்லது பெட்டி சிறியதானால் முடிச்சு குறைந்தது. பையில் நூல் தளர்ந்து புரண்டால் சிக்கு விழும், இறுக்கமான சிறிய டப்பாவில் இருந்தால் குறையும் என்று இதை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். சிட்டமாக வாங்கிய நூலைப் பின்னத் தொடங்குவதற்கு முன் பந்தாகச் சுற்றிக்கொள்வதும் அதே காரணத்துக்காகத்தான்.

இத்தனைக்கும் பிறகு, ஒரு குணத்தைக் குறை என்று ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. கார்னெல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டைனா டைமினா 1997ல் அதிபரவளையத் தளம் என்ற வளைந்த வடிவியல் பரப்பைக் குரோஷேயில் பின்னிக் காட்டினார். அதற்குமுன் காகிதத்தில் ஒட்டிய மாதிரிகள் வகுப்பில் கிழிந்துகொண்டிருந்தன. அப்படிப் பின்னுவதற்கு அவர் பரிந்துரைத்தது அதிகம் இழுபடாமல் வடிவத்தை வைத்துக்கொள்ளும் நூல். ஸ்வெட்டருக்கு மெத்தென்ற நூல் தேடுபவர் ஒதுக்கிவைக்கும் விறைப்புதான் அங்கே தேவைப்பட்டது.

நூல்கண்டின் லேபிள் இதில் எவ்வளவு சொல்கிறது? எடை, நீளம், நார் வகை, ஊசி அளவு, துவைக்கும் முறை. தடிமனுக்கு அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் 0 முதல் 7 வரை வகுத்த எண்களைப் பல நிறுவனங்கள் அச்சிடுகின்றன. முறுக்கு எந்தத் திசை, எவ்வளவு இறுக்கம், எத்தனை புரி என்பவை பெரும்பாலும் இருப்பதில்லை. நூற்பாலையில் ஒவ்வொரு நூலுக்கும் முறுக்கைக் குறித்துவைத்துத்தான் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். அந்த ஒரு வரியை லேபிளிலும் அச்சிட்டால் செலவு ஒன்றும் கூடாது. அதுவரை, கடையிலேயே நூலின் ஓர் அங்குலத்தை இரண்டு விரலுக்கு இடையே வைத்து முறுக்குக்கு எதிராக உருட்டிப் பார்க்கலாம். இரண்டு உருட்டலில் புரிகள் விலகி நின்றால், அந்த நூலை வேறொரு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், முதல் தொப்பிக்கு வேண்டாம்.