ஆர்கன் வாத்தியத்தின் புதுக்கம்

பூந்தமல்லியினின்று நெடுஞ்சாலை வழியே சென்னை நோக்கிச் செல்வோர், எழும்பூரில் உயர்ந்த கோபுரத்தோடு விளங்கும் பரிசுத்த அந்திரேயா ஆலயத்தைக் காண்பர். 1821-ம் வருஷத்தில் திறக்கப்பெற்ற அவ்வாலயத்தின் ஆர்கன், இங்கிலாந்தில் ஹடர்ஸ்பீல்டு நகரத்துப் பீட்டர் கோனச்சர் தொழிற்சாலையாரால் 1883-ல் இயற்றப்பட்டது. இத்தகைய வாத்தியம் அமைத்தவாறே என்றும் நிற்குமோ? நில்லாது என்பதை அதன் அமைப்பே காட்டும்.

துருத்தி காற்றைச் சேர்த்துப் பெட்டியில் நிறைக்கின்றது. விரல் கட்டையை அழுத்த, குழலின் கீழுள்ள அடைப்புத் திறந்து காற்று ஒலிக்கின்றது. எட்டடித் திறந்த குழலினும் நான்கடிக் குழல் ஒரு ஸ்தாயி மேலாக ஒலிக்கும். தோல் வறண்டு வெடிக்கும். மரம் மழைக்காலத்தில் பருக்கும். வெப்பம் மிகின் சுருதி உயரும். நம் நாட்டிலோ கறையானும் பகையாம். ஆதலின் பழுது பார்த்தல் இன்றியமையாதது. பழுது பார்க்கப் புகுந்தோர் திருத்தவும் துணிவர்.

பாரிஸ் நகரத்து நோத்ர் தாம் பேராலயமே இதற்குச் சிறந்த சான்று. 1733-ல் தியெரி என்பார் அமைத்த ஆர்கனை, 1788-ல் கிளிக்கோ விரிவாக்கினார். 1868-ல் கவாயே-கோல், முன்னோர் குழல்கள் பலவற்றைப் போற்றிக்கொண்டே, ஐந்து கட்டை வரிசைகளும் 86 குழல் வகுப்புகளும் உடையதாக அதனைப் புதுக்கினார். வாத்தியம் பெருகுந்தோறும் கட்டைகள் விரலுக்குக் கனக்குமன்றோ? அக்கனத்தைச் சிறு துருத்திகள் தாங்குமாறு அவர் செய்தார். பின்னர் இருபதாம் நூற்றாண்டில் மின்விசையும், 1992-ல் கணிப்பொறியும் வந்து சேர்ந்தன. 2019 ஏப்ரல் 15-ந் தேதி கூரை தீக்கிரையான போது ஆர்கன் எரியாது தப்பியது. ஆயினும் ஈயத்தூள் படிந்தது. ஏறத்தாழ 8,000 குழல்களையும் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்திச் சுருதி கூட்டினர். 2024 டிசம்பரில் அது திரும்ப முழங்கிற்று.

இத்துணை மாறுதலுக்குப் பின்னும் அது பழைய ஆர்கனேயோ? ஒவ்வொருவரும் முன்னோர் குழலைக் காத்தமையால் ஆம் என்போம். வசதி கருதி நல்ல குழலை எறிந்துவிடின், அதன் குரல் எவ்விலைக்கும் மீளாது. ஆகவே புதுக்க விழைவோர் முதற்கண் உள்ளதைச் செவி சாய்த்துக் கேட்க. நீக்கியதையும் சேர்த்ததையும் எழுதி வைக்க. பின்வருவோர் தவற்றைத் திருத்துதற்கு அவ்வேடே வழியாகும்.