கணிப்பொறிக்குக் காய்ச்சல் வந்தால்: தண்ணீரில் குளிரும் செயலியின் சூட்டைக் கண்டறியும் முறை

நம் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சூடு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கும் மேல். மேலே குளிர்சாதன நிலையம் அமைத்து, குளிர்ந்த காற்றைச் சுரங்கத்துக்குள் செலுத்தித்தான் அங்கே மனிதர்களை வேலை செய்ய வைத்தார்கள். என் தகப்பனார் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் அடிக்கடி சொல்வார்: "மேலே எவ்வளவு குளிர்ந்த காற்றை அனுப்பினாலும் சரி, வழியில் ஒரு காற்றுக்கதவு திறந்து கிடந்தால் அது எங்களுக்கு வந்து சேராது."

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. தகப்பனார் சொன்ன வார்த்தை மட்டும் எனக்கு ரயில்வேயில் டீசல் எஞ்சின் வேலையிலும் உதவியது, ஓய்வு பெற்ற பின் சென்ற கோடையில் ஒரு கணிப்பொறிக்கும் உதவியது. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

பக்கத்து வீட்டுக் கதை

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா கணவரை இழந்தவர். ஒரே மகள். அந்தப் பெண் சில ஆண்டுகள் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வந்தாள். போக வர நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே கழியும். தாயாருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு, திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் தொழிலை வீட்டிலிருந்தே தொடங்கினாள். அந்தத் தொழிலுக்குச் சக்தி வாய்ந்த கணிப்பொறி வேண்டும். அதன் செயலியைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் லிக்விட் கூலர் பொருத்தியிருந்தார்கள்.

ஒரு நாள் முதல் அந்தக் கணிப்பொறி வேலையின் நடுவில் தானாகவே அணையத் தொடங்கியது. கடையில் காட்டினார்கள். "கூலரின் பம்ப் நன்றாகத்தான் சுற்றுகிறது. செயலியும் மதர்போர்டும் போய்விட்டன. 45,000 ரூபாய் ஆகும்" என்று பதில் வந்தது. அந்த அம்மா என்னிடம் வந்து, "அண்ணே, வளையலை அடகு வைத்து மாற்றிவிடலாமா? இல்லாவிட்டால் இவள் திரும்பவும் ரயிலேற வேண்டியதுதான்" என்று கேட்டார். "ஒரு நாள் பொறுத்துக்கொள்ளம்மா, நான் பார்க்கிறேன்" என்றேன்.

எனக்குக் கணிப்பொறிப் படிப்பு கிடையாது. ஆனால் தண்ணீரால் எஞ்சினைக் குளிர்விக்கும் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறேன். 2,600 குதிரைசக்தி டீசல் எஞ்சினில் ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் ஓடும். இந்தக் கூலரில் ஏதோ ஒரு டம்ளர் அளவு. ஆனால் வேலை செய்யும் தத்துவம் ஒன்றேதான்.

கூலர் எப்படி வேலை செய்கிறது?

செயலியின் தலைமேல் ஒரு செம்புத் தகடு உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையே தெர்மல் பேஸ்ட் என்ற பசை. தகட்டின் உட்புறம் மயிரிழை போன்ற நுண்ணிய வரிகள் உண்டு. அவற்றின் ஊடே தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். பெரும்பாலான கூலர்களில் அந்தத் தகட்டின் மேலேயே பம்ப் இருக்கும். சூடான தண்ணீர் ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். அங்கே விசிறிகள் காற்றை ஊதிச் சூட்டை வெளியே தள்ளும். ஆறிய தண்ணீர் மற்றொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். துருவும் பாசியும் பிடிக்காதிருக்க எஞ்சின் தண்ணீரில் நாங்கள் ரசாயனம் கலப்பது போலவே இதிலும் கலந்திருப்பார்கள்.

ஆகவே சூடு நான்கு இடங்களைக் கடக்க வேண்டும்: செயலியிலிருந்து தகடு, தகட்டிலிருந்து தண்ணீர், தண்ணீரிலிருந்து ரேடியேட்டர், ரேடியேட்டரிலிருந்து அறைக் காற்று. என் தகப்பனார் சொன்ன கதவு இந்த நான்கில் எங்கே திறந்து கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

எந்தச் சூடு நோய், எந்தச் சூடு இயல்பு?

முதலில் வீண் பயம் வேண்டாம். இன்றைய செயலிகள் சூட்டைத் தாங்கும்படியே செய்யப்பட்டவை. இன்டெல் செயலிகள் பலவற்றுக்கு 100 டிகிரி எல்லை. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் பல செயலிகள் கடும் வேலையின்போது 95 டிகிரி வரை போவது இயல்பு என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. எல்லையைத் தொட்டதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால்தான் கணிப்பொறி அணையும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ரேடியேட்டரால் தண்ணீரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. நம் ஊரில் 28 டிகிரி அறையில் 75 காட்டும் கணிப்பொறி, சென்னையிலுள்ள உறவினர் வீட்டில் 38 டிகிரி அறையில் 85 காட்டினால் அது நோயல்ல. எப்போதும் அறை வெப்பத்தைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஆனால் எந்த வேலையும் இல்லாதபோதே 70, 80 காட்டினாலும், முன்பு செய்த அதே வேலைக்கு இப்போது 20 டிகிரி கூடுதலாகக் காட்டினாலும் கவனிக்க வேண்டும். பின்னணியில் ஏதேனும் நிரல் ஓயாமல் ஓடுகிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். வண்டியில் பாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் எஞ்சினைக் குறை சொல்லக் கூடாது.

சூடு வேகமாக ஏறுகிறதா, மெதுவாக ஏறுகிறதா?

இதுதான் மிக முக்கியமான சோதனை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 200 மில்லி தண்ணீரை 1 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 840 ஜூல் வேண்டும். செயலி 150 வாட் சூட்டை வெளியிட்டால், ரேடியேட்டர் அடியோடு வேலை செய்யாவிட்டாலும் தண்ணீர் 1 டிகிரி ஏற ஐந்தாறு வினாடி ஆகும். 10 டிகிரி ஏற ஏறக்குறைய ஒரு நிமிடம்.

எனவே, கடினமான வேலையைத் தொடங்கி, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். முதல் வினாடியில் 20, 30 டிகிரி தாவுவது இயல்புதான். ஆனால் இரண்டு மூன்று வினாடியிலேயே எல்லையைத் தொட்டுவிட்டால் குற்றம் ரேடியேட்டரில் இல்லை. சூடு தண்ணீருக்குள்ளேயே போகவில்லை என்று பொருள். பசை, திருகாணி, பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள். மாறாக, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறினால் சூடு தண்ணீருக்குள் போகிறது, வெளியேறத்தான் வழியில்லை. அப்போது ரேடியேட்டர், விசிறி, தூசி ஆகியவற்றைப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக் கணிப்பொறி இரண்டே வினாடியில் 100ஐத் தொட்டது. பாதி வழக்கு அங்கேயே முடிந்தது.

பம்ப் சுற்றுவது வேறு, தண்ணீர் ஓடுவது வேறு

அடுத்து இரண்டு குழாய்களையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். நலமாக உள்ள கூலரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்று நன்றாகச் சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓட்டம் நின்றுவிட்டது எனலாம். செயலி கொதிக்கும்போது இரண்டுமே குளிர்ந்திருந்தால், தகடு செயலியின் மேல் சரியாக உட்காரவில்லை, அல்லது தண்ணீர் ஓட்டமே இல்லை. இங்கே தகட்டை ஒட்டிய இடத்தில் ஒரு குழாய் சுட்டது, மற்றது குளிர்ந்திருந்தது. ஆனால் திரையிலோ பம்ப் முழு வேகத்துக்குச் சற்று மேலேயே சுற்றுவதாகக் காட்டியது. கடைக்காரர் ஏமாந்ததும் அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

எனக்கு ஒரு பழைய எஞ்சின் நினைவுக்கு வந்தது. சூடு எச்சரிக்கை மணி அடித்து அடித்து அது நின்றுவிடும். பம்பைக் கூட இரண்டு முறை மாற்றினோம். பயனில்லை. கடைசியில் பார்த்தால், காற்று வெளியேறும் சிறு குழாய் அடைத்துக்கொண்டு, உள்ளே காற்று தங்கியிருந்தது. பம்ப் தண்ணீரைத் தள்ளாமல் காற்றைக் கடைந்துகொண்டிருந்தது.

"பாப்பா, இந்தப் பெட்டியில் சமீபத்தில் எதையாவது மாற்றினீர்களா?" என்று கேட்டேன். "ஆமாம் மாமா, இரண்டு மாதத்துக்கு முன் கேபினெட்டை மாற்றினோம். அன்று முதல் உள்ளே களகளவென்று ஒரு சத்தம்" என்றாள். திறந்து பார்த்தால், ரேடியேட்டரைப் பெட்டியின் அடியில் பொருத்தியிருந்தார்கள். பம்ப் அதற்கு மேலே இருந்தது.

காற்று எப்போதும் உயரமான இடத்துக்குத்தான் ஏறும். நான்கு ஆண்டு ஓடிய கூலரில் ரப்பர் குழாயின் வழியே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகக் கசிந்து, அந்த அளவுக்குக் காற்று உள்ளே இருக்கத்தான் செய்யும். பழைய பெட்டியில் ரேடியேட்டர் மேலே இருந்ததால் அந்தக் காற்று அங்கேயே ஒதுங்கி நின்றது, தொல்லை தரவில்லை. புதிய பெட்டியில் பம்பே உயரமான இடமாகிவிட்டதால் காற்றெல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்தது. சுமை இல்லாமல் சுற்றும் பம்ப் வேகமாகத்தானே சுற்றும்? டீசல் எஞ்சினில் தண்ணீர்த் தொட்டியை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பதும் இதற்காகத்தான்.

ஆகவே விதி இது: சுற்றுப்பாதையில் பம்ப் உயரமான இடமாக இருக்கக் கூடாது. ரேடியேட்டரைப் பெட்டியின் மேற்புறம் வைப்பது உத்தமம். முன்புறம் வைத்தால் அதன் மேல் நுனி பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேடியேட்டரை மேலே மாற்றினோம். பெட்டியை இப்படியும் அப்படியும் சில முறை சாய்த்து, காற்றுக் குமிழிகள் மேலே போக வழி செய்தோம். கூடவே மற்றக் கதவுகளையும் அடைத்தோம். நீங்களும் செய்யலாம்.

தூசி: நம் ஊர்ச் சயனைடு மேட்டிலிருந்து கோடைக் காற்றில் பறக்கும் மாவு போன்ற தூசி எல்லார் வீட்டுக்கும் விருந்தாளி. ரேடியேட்டரின் இடுக்குகளில் அது கம்பளி போல் படியும். மென்மையான தூரிகையால் மாதம் ஒருமுறை துடையுங்கள். ஊதும்போது விசிறியைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லா விசிறிகளும் ஒரே திசையில் காற்றைத் தள்ளுகின்றனவா என்றும் பாருங்கள்.

பசை: கூலரைக் கழற்றினால் பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பசை வையுங்கள். புதிய கூலரானால் தகட்டின் மேல் ஒட்டிய பாதுகாப்புத் தாளை உரிக்க மறக்கக் கூடாது. நான்கு திருகாணிகளையும் மூலைக்கு மூலை மாற்றிமாற்றிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். பழைய ஏ.எம்.டி. செயலிகள் கூலரோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரக்கூடும். கணிப்பொறியைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைத்து, வெதுவெதுப்பு ஆறுமுன் மெல்லத் திருகி எடுங்கள்.

பம்பின் கம்பி: பம்பின் மின்கம்பியை அதற்கென்று உள்ள முனையில் செருகி, பயாஸ் அமைப்பில் முழு வேகத்தில் ஓடும்படி வையுங்கள். விசிறிக்குரிய முனையில் செருகினால் வேகம் குறைந்து தொல்லை தரலாம்.

செய்யக் கூடாதது: மூடி முத்திரையிட்ட கூலரைத் திறந்து தண்ணீர் ஊற்ற முயலாதீர்கள். கசிவு தெரிந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். இத்தனையும் பார்த்தும் சூடு குறையாவிட்டால் தகட்டின் நுண்வரிகள் அடைத்திருக்கலாம். அதற்கு மருந்தில்லை, புதிய கூலர்தான். ஐந்தாறு ஆண்டு ஓடியதற்கு அதுவே போதும் என்று எண்ணுங்கள். கடும் வேலை இல்லாத வீடுகளுக்கு விசிறி வைத்த சாதாரணக் கூலரே நல்லது. விலையும் குறைவு, கெட்டுப்போகப் பம்பும் இல்லை, தண்ணீரும் இல்லை.

முடிவாக

அன்று மாலை கணிப்பொறியை ஓட்டிப் பார்த்தோம். கால் மணி நேரத்தில் களகளச் சத்தம் அடங்கியது. சும்மா இருக்கும்போது 41, முழு வேலையில் 78. செலவு ஒரு பசைக் குழாய் மட்டுமே. "இந்தக் கூலருக்கு வயதாகிவிட்டது, அடுத்த ஆண்டு மாற்றப் பணம் சேர்த்து வை" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். நல்லதை மட்டும் சொல்லிவிட்டு வருவது முறையல்ல அல்லவா? அந்த அம்மா காபி கொடுத்த கையில் வளையல் இருந்தது.

வாசகர்களே, உங்கள் பிள்ளைகளின் கணிப்பொறி சூடானால் உடனே பணப்பையைத் திறக்க வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், குழாயைத் தொடுங்கள், எது மேலே எது கீழே என்று பாருங்கள். விலையுயர்ந்த பொருளை மாற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.