ரேடார் புதுசு, றெக்கை பழசு

பழைய போர் விமானத்தை விற்க வருகிறவர் முதலில் காக்பிட்டைத்தான் காட்டுவார். முள் ஆடும் வட்ட மீட்டர்களைக் கழற்றிவிட்டு வண்ணத்திரை பொருத்தியிருக்கும். விமானி தலையைத் திருப்பும் பக்கமே ஏவுகணைக்கும் குறி வைத்துத்தரும் ஹெல்மெட் இருக்கும். மூக்கில் புது ரேடார். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர். தாம்பரத்தில் பயிற்சி முடித்து, நாசிக் பக்கம் ஓஜரில் விமானப்படையின் 11-ஆம் பழுதுபார்ப்பு டிப்போவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். என் கண் திரைக்குப் போகாது, றெக்கை உடம்போடு சேரும் இடத்துக்குத்தான் போகும்.

மும்பை காட்கோபர் காமராஜ் நகரில் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் கேட்டான்: "அண்ணாச்சி, முப்பது வருசம் பறந்த பிளேனை எந்த நாட்டுக்காரன் காசு குடுத்து வாங்குவான்?"

வாங்குகிறவர்கள் நிறையப் பேர், தம்பி. மிக்-21 மட்டும் 10,000-க்கு மேல் கட்டப்பட்டது. சோவியத் உடைந்தபோது உலகமெங்கும் விமானப்படைகளின் கையில் அது இருந்தது. புதிது வாங்கப் பலரிடம் பணம் இல்லை. ருமேனியா இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்தோடு சேர்ந்து தன் மிக்-21களை 'லான்சர்' ஆக்கியது. இந்தியா 1996-இல் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டு 125 மிக்-21களை 'பைசன்' ஆக்கியது. ரஷ்ய ரேடார், பிரெஞ்சு வழிகாட்டிக் கருவி, புது ஏவுகணைகள். 2004-இல் குவாலியர் கூட்டுப் பயிற்சிக்கு எஃப்-15களோடு வந்த அமெரிக்கர்கள், பைசன் தாங்கள் நினைத்ததைவிடக் கெட்டிக்கார எதிரி என்று ஒப்புக்கொண்டார்கள். அது 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் விடைபெறும்வரை பறந்தது. வாங்குகிறவருக்கு இதில் லாபம் உண்டு. விமானி, மெக்கானிக், கருவி, ஹேங்கர் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. விலையும் புதியதைவிடக் குறைவு.

அப்படியானால் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? லாக் புக்கை. றெக்கை எவ்வளவு உழைத்தது என்பது அதில்தான் இருக்கும்.

போர் விமானம் கூர்மையாகத் திரும்பும்போது தன் எடையைப் போல ஏழெட்டு மடங்குப் பாரம் றெக்கையில் ஏறும். நேரானதும் இறங்கும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் அந்த உலோகத்துக்கும் ஆகிறது. கீறல் பெரும்பாலும் ரிவெட் துளையின் ஓரத்தில் தொடங்கும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஓவர்ஹாலுக்கு வரும் விமானத்தின் பெயின்ட்டை முழுக்க உரிப்போம். சந்தேகமான இடத்தில் சிவப்புச் சாயம் தடவி, ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடிப்போம். கீறலுக்குள் ஒளிந்த சாயம் வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடாக ஊறி வரும். உள்ளே மறைந்த கீறலுக்கு எடி கரன்ட், அல்ட்ராசோனிக். ஒரு கோடு தெரிந்தாலும் அந்தப் பாகத்தை எழுதிவைத்துத்தான் அடுத்த வேலை. 2008-இல் ஒப்பந்தமான மிக்-29 மேம்பாட்டில் பெரும்பகுதி எங்கள் ஓஜர் டிப்போவிலேயே நடந்தது. 25 ஆண்டு ஆயுளை 40-க்கு நீட்டினார்கள். அந்தப் பதினைந்து ஆண்டையும் கொடுத்தது இந்தக் கண்மூடாத சோதனைதான், புதுத் திரை அல்ல.

பறக்காமலே கிடந்த விமானமானால் சிக்கல் வேறு மாதிரி. 2020 ஜூலையில் ரஷ்யாவிடம் மேலும் 21 மிக்-29 வாங்க நம் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புதல் தந்தது. சோவியத் காலத்தில் கட்டி, கிடங்கில் வைத்திருந்த உடற்கூடுகளை மேம்படுத்தித் தருவதாகப் பேச்சு. பறந்த மணி பூஜ்யம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ரப்பர் சீலும் ஒயர் உறையும் கிடந்தே கெடும்.

உதிரிபாகம் இன்னொரு கண்ணி. 51 மிராஜ்-2000களை மேம்படுத்த 2011-இல் 10,900 கோடி ரூபாய்க்கு மேல் போட்ட நாம், பத்தாண்டு கழித்து பிரான்ஸ் கழித்துக்கட்டிய 24 மிராஜ்களை 2.7 கோடி யூரோவுக்கு வாங்கினோம். பெரும்பாலும் பிரித்துப் பாகம் எடுக்கத்தான். விற்பவரின் விலைப்பட்டியலில் இந்தச் செலவு இருக்காது. பாகம் செய்த நாட்டின் அனுமதியும் அப்படித்தான். கிபிர் இஸ்ரேல் விமானம், ஆனால் எஞ்சின் அமெரிக்காவுடையது. 1977-இல் எக்வடாருக்கு விற்க முயன்றபோது அமெரிக்கா தடுத்துவிட்டது.

அதே கிபிர்தான் 1996-இல் இலங்கைக்கு வந்தது. வன்னித் தமிழர்கள் அந்தப் பேரைச் சொன்னாலே பதுங்குகுழியை நினைப்பார்கள். விமானத்தின் உடம்பைப் பேணுவதே தொழிலாக இருந்தவன் நான். அது யார் தலைமேல் பறக்கிறது என்பதை விட்டுவிட்டு என்னால் பேச முடியாது. 2006-இல் இலங்கை உக்ரைனிடம் நான்கு மிக்-27 வாங்கியது. 1980-83இல் கட்டியவை. 2000-இல் அதே நாட்டிடம் வாங்கியவற்றைவிடப் பழையவற்றுக்குக் கூடுதல் விலை என்று 'சண்டே லீடர்' இதழ் 2007-இல் எழுதியது. கட்டிய ஆண்டைக் கேட்டால் போதும், அந்த விலை நிற்காது. அந்த இதழின் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று கொழும்பு அருகே கொல்லப்பட்டார். 2021-இல் இலங்கை மறுபடி ஏறக்குறைய 5 கோடி டாலருக்கு ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது.

கீழே இருப்பவர்களைப் பற்றிக் காட்கோபர்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2018 ஜூன் 28 அன்று ஜூஹுவிலிருந்து சோதனைப் பறப்புக்குக் கிளம்பிய சிறு விமானம் காட்கோபர் மேற்கில் கட்டடவேலை நடந்த இடத்தில் விழுந்தது. உத்தரப்பிரதேச அரசிடமிருந்து கைமாறி, பல ஆண்டு பறக்காமல் கிடந்து, பழுதுபார்க்கப்பட்ட விமானம் அது. உள்ளே நால்வர், சாலையில் நடந்துபோன ஒருவர், ஐந்து பேரும் இறந்தார்கள். பழசானதால்தான் விழுந்தது என்று நான் சொல்லவில்லை. விற்றவர், வாங்கியவர், பழுதுபார்த்தவர் யாரையும் அறியாத ஒரு பாதசாரியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டார்.

இப்போது நாமும் இந்தச் சந்தையில் கடை போடுகிறோம். 2023 ஜூலையில் நம் அரசு விமான நிறுவனம் எச்.ஏ.எல். கோலாலம்பூரில் அலுவலகம் திறந்தது; மலேசியாவின் 18 சுகோய்-30களைப் பராமரிக்கும் வேலை வேண்டும் என்று கேட்கிறது. நாசிக்கில் சுகோய்களைக் கட்டியும் ஓவர்ஹால் செய்தும் கைதேர்ந்தவர்கள் நம் ஆட்கள். அந்த வேலை கிடைக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் மலேசியக்காரர்கள் வந்து உட்காரும்போது மேசையில் முதலில் விரிய வேண்டியது சோதனைப் பதிவேடு: எந்த ரிவெட் துளையில் கோடு தெரிந்தது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, யார் கையெழுத்து. ரேடார் படம் பிறகு வரட்டும்.