பருப்பு வெந்த பிறகே புளி

பெங்களூரு வீடுகளில் பிசிபேளே பாத் செய்பவர்கள் துவரம்பருப்பை முதலில் குழைய வேகவைத்துக்கொள்வார்கள். புளிக்கரைசல் அதன் பிறகுதான். முந்தி ஊற்றிவிட்டால் எவ்வளவு கொதித்தாலும் பருப்பு லேசில் மசியாது. பருப்பின் செல் சுவர்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் வெந்நீரில் கரைய வேண்டும். புளியின் அமிலம் அதைக் கரையவிடாது.

நாவலை வாசகர் நம்புவதும் பெரும்பாலும் இந்த வரிசையால்தான். தன் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அவர் தலையாட்டும் சின்ன விஷயங்கள் பருப்பு. நம்பக் கடினமான பெரிய விஷயம் புளி.

விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய ‘காச்சர் கோச்சர்’ (2013) பெங்களூருவில் நடக்கும் சிறிய நாவல். மசாலா வியாபாரத்தால் ஒரு குடும்பத்துக்குத் திடீரென்று பணம் வருகிறது. இந்த வீட்டார் எதற்கும் துணிவார்கள் என்ற திகிலோடு கதை முடிகிறது. எடுத்த எடுப்பில் இதைச் சொல்லியிருந்தால் சினிமாத்தனம் என்று தள்ளியிருப்போம்.

ஷான்பாக் அவசரப்படவில்லை. தேயிலை விற்பனைப் பிரதிநிதியான அப்பா அன்றாடம் கணக்கு எழுதுகிறார். அது இடித்தால் வீடே கலங்குகிறது. கேஸ் அடுப்பு வருவது பெரிய நிகழ்ச்சி. பழைய வீட்டில் எறும்புத் தொல்லை. முதலில் பண்டங்களைக் காப்பாற்றப் போராடியவர்கள், போகப்போக எறும்பைக் கண்ட இடத்தில் கூசாமல் நசுக்குகிறார்கள். எறும்புத் தொல்லை எந்த வீட்டில் இல்லை? அதனால் தயக்கமின்றி நம்பிவிடுகிறோம். கடைசிப் பக்கங்களில் சந்தேகம் எழும்போது, கூசாத அந்தக் கைகளை நாம் ஏற்கெனவே அறிவோம். ஆசிரியர் எதையும் உடைத்துச் சொல்ல வேண்டியதில்லை. முடிவுக்கு நாமே வந்துவிடுகிறோம்.

விவரங்களைக் குவித்தாலே நம்பிக்கை வந்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். மெஜஸ்டிக், ஜெயநகர், எம்.ஜி. ரோடு என்று ஊர்ப்பெயர்களை அடுக்குவது வேகாத பருப்பு. அந்த இடம் ஒரு பாத்திரத்தின் பயத்தையோ பணமுடையையோ தொட வேண்டும்.

காஃப்கா இந்த வரிசையையே மீறினார். 1915இல் வெளியான ‘உருமாற்றம்’ முதல் வாக்கியத்திலேயே மனிதனைப் பூச்சியாக்கிவிடுகிறது. ஆனால் அடுத்த பக்கங்களில் அவன் கவலைப்படுவது தவறவிட்ட ரயிலையும் அலுவலகத்தையும் பற்றி. நம்ப முடியாத ஒன்றை மட்டும் நம்மிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் குடும்பக் கடன், வேலை, வாடகை அறை என்று நமக்குத் தெரிந்த உலகத்திலிருந்தே தருகிறார்.