கிளிப் மாட்டியாச்சு, சிப் மட்டும் பேசல

போன எபிசோடுல அக்காவோட லேப்டாப் கதையைப் பாதியில விட்டேன் இல்லையா? பயாஸ் அப்டேட் ஓடிட்டிருந்தப்போ, அசையலையேன்னு பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சது நான்தான். அதுக்கப்புறம் லைட் மட்டும் எரியும், ஸ்கிரீன் கறுப்பு. சர்வீஸ் கடையில போர்டை மாத்தணும், 18,000 ரூபாய்னாங்க. அதை நான்தான் தரணும்.

ஆனா போர்டுல எதுவும் எரிஞ்சு போகல. பயாஸ் இருக்கிற எட்டுக் கால் சிப்புல எழுதினது பாதியில நின்னுடுச்சு, அவ்வளவுதான். அதை வெளியிலிருந்து எழுத ஒரு ப்ரோகிராமர், சிப்பைக் கவ்வுற கிளிப், லினக்ஸ்ல ஃப்ளாஷ்ராம் இருந்தா போதும். சார்ஜர், பேட்டரி, சின்ன காயின் பேட்டரி மூணையும் கழட்டினேன்.

முதல்ல சிப் மேல இருக்கிற எழுத்தை மொபைல் கேமராவுல ஜூம் பண்ணிப் படிங்க. டபிள்யூ25க்யூ64எஃப்வின்னா 3.3 வோல்ட். கடைசியில எஃப்டபிள்யூன்னு இருந்தா 1.8 வோல்ட், அடாப்டர் இல்லாம மாட்டினா சிப்பே போயிடலாம். என்னோடது எஃப்வி. இருந்தும் விலை குறைஞ்ச கறுப்பு சிஎச்341ஏ போர்டுல ஒரு வில்லங்கம் உண்டு. பவர் கால்ல 3.3 வரும், டேட்டா கால்கள்ல 5 வோல்ட் வரும். மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா உண்மைதான். அதனால 3.3 வோல்ட் பின் இருக்கிற என் பழைய ராஸ்பெர்ரி பைக்கு மாறினேன்.

கமாண்டைக் கொடுத்தா, சிப்பே இல்லைங்குது. புள்ளி இருக்கிற மூலைதான் ஒண்ணாம் கால், கிளிப்போட சிவப்பு ஒயர் அங்க வரணும். அது சரியாத்தான் இருந்துச்சு. கால்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, கிளிப்பை நேரா அழுத்தி மாட்டினதும் சிப் பேர் வந்துடுச்சு. (திங்க்பேட் எக்ஸ்230 வெச்சிருக்கிறவங்களே, உங்களுக்கு 8 எம்பி, 4 எம்பின்னு ரெண்டு சிப். எதைக் கவ்வியிருக்கீங்கன்னு பாருங்க.)

சிப் பேர் வந்ததும் எழுதிடலாம்னு கை துறுதுறுக்கும். எழுதாதீங்க. ரெண்டு தடவை படிச்சு, ரெண்டு ஃபைலோட ஷா256 ஒண்ணான்னு பாருங்க. எனக்கு ஒத்து வரல. அப்படின்னா படிக்கிறதே தப்பு, எழுதுறதும் தப்பாத்தான் போகும். ஒயர் ஒரு சாண் நீளம் இருந்துச்சு. பாதியாக்கினேன், ஸ்பீடை 512 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைச்சேன். மூணு தடவை படிச்சேன், மூணும் ஒண்ணு. ஹெக்ஸ் எடிட்டர்லயும் திறந்து பார்த்தேன், ஏன்னா வெறும் எஃப்எஃப்பா வந்தாலும் மூணும் ஒண்ணாத்தானே இருக்கும்!

இன்டர்நெட்ல இதே மாடலோட டம்ப் கிடைக்குது, அப்படியே போட்டுடுன்னு ஃப்ரெண்ட் சொன்னான். அதுல அவங்க லேன் போர்ட்டோட மேக் முகவரி இருக்கும், இன்டெல் எம்ஈ பகுதியும் அவங்களோடது. நான் அப்டேட் ஃபைல்ல இருந்து பயாஸ் பகுதியை மட்டும் பிரிச்சு, என் காப்பியில வெச்சு, அந்தப் பகுதியை மட்டும் எழுதினேன். ஃப்ளாஷ்ராம் வெரிஃபைடுன்னுச்சு.

பவர் போட்டேன். கறுப்பு ஸ்கிரீன். முப்பது செகண்ட், நாப்பது செகண்ட். கை மறுபடியும் பவர் பட்டன் பக்கம் போச்சு. அக்கா கையைத் தட்டிவிட்டா. மெமரியைப் புதுசா பழக்கிக்க முதல் தடவை அதுக்கு நேரம் ஆகும். ஒரு நிமிஷம் தாண்டி லோகோ வந்துச்சு.