மாற்றுச் சுவாசப்பையும் அதன் பரீட்சையும்

கொடையாகக் கிடைக்கும் உறுப்புக்களுட் சுவாசப்பை மிக எளிதிற் கெடுவது. கொடையாளியின் இறுதி வேளையிலே நீர்க்கோவையும் கிருமித்தொற்றும் அதனைத் தாக்குதல் வழக்கம். ஆதலின் வைத்தியர்கள் அவற்றுட் பெரும்பாலானவற்றை விலக்கி வந்தனர். அவற்றை எதிர்நோக்கியிருந்த நோயாளருட் பலர் காத்திருக்கையிலேயே மாண்டனர். விலக்கப்பட்டவை யாவும் உண்மையிற் பயனற்றவைதாமா?

இதனை அறியும் வழியொன்றைச் சுவீடன் நாட்டு லுண்ட் நகரைச் சேர்ந்த சத்திர வைத்தியர் ஸ்டிக் ஸ்டீன் வகுத்தார். இதயம் நின்று இறந்த ஒருவரின் சுவாசப்பை, உடலுக்கு வெளியே சோதிக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் வேறொருவருக்குப் பொருத்தப்பட்டது. பின்னர்க் கனடாவின் ரொறன்ரோ நகரத்தார் இம்முறையைப் பல மணி நேரத்துக்கு நீட்டினர். சுவாசப்பையைக் கண்ணாடி போன்ற கூடொன்றில் வைத்துப் படிப்படியாக 37 பாகைக்குச் சூடேற்றுவர். இயந்திரம் காற்றை ஊட்ட, பம்பியொன்று விசேட திரவத்தை நாளங்களினூடே செலுத்தும். உட்செல்லுமுன் அத்திரவத்தினின்று ஒட்சிசனைப் போக்கிக் காபனீரொட்சைட்டைச் சேர்த்துவிடுவர். வெளிவரும் திரவம் எவ்வளவு ஒட்சிசனைப் பெற்றுள்ளது என்பதே சுவாசப்பையின் திறனைக் காட்டும். ஆயினும் செங்குருதிக் கலங்களற்ற திரவத்தில் இவ்வளவீடு ஒன்றையே நம்புதல் தகாது. ஒட்சிசன் குறையுமுன்னரே சுவாசப்பை விறைக்கத் தொடங்கலாம்; ஆகவே அதன் நெகிழ்வையும் காற்றமுக்கத்தையும் உடன் நோக்குவர்.

இனி, சோதிக்கும் முறையையே சோதிப்பது எங்ஙனம்? ஐயத்துக்குரிய சுவாசப்பைகளைப் பரீட்சியாமலே ஒரு கூட்டத்தினருக்குப் பொருத்தி ஒப்பிடுதல் அறமன்று. எனவே ரொறன்ரோ ஆய்வாளர் வழமையான நல்ல சுவாசப்பைகளைப் பெற்றோரையே ஒப்பீட்டுக்குக் கொண்டனர். இது கடுமையான உரைகல்லே. 2011இல் வெளியான அவ்வாய்வில், 23 சுவாசப்பைகள் நான்கு மணி நேரம் சோதிக்கப்பட்டு 20 ஏற்கப்பட்டன. 72 மணி நேரத்தின் பின் தொழிற்பாட்டுக் குறை அவற்றைப் பெற்றோருள் 15 வீதத்தினரிடமும், ஒப்பீட்டுக் கூட்டத்தவரான 116 பேருள் 30 வீதத்தினரிடமும் காணப்பட்டது. முப்பது நாளுள் இறந்தோரோ முறையே 10 வீதமும் 5 வீதமும் ஆவர். முதற்கணக்கு முறையைப் புகழ்வதுபோலவும், இரண்டாவது பழிப்பதுபோலவும் தோன்றும். இரண்டும் தற்செயலாக நேரக்கூடிய வேறுபாடுகளே. இருபதின்மருள் இருவர் இறப்பின் பத்து வீதமாகிவிடுமன்றோ! ஆய்வாளர் உரிமை கொண்டாடியதும் மேன்மையை அன்று, ஒத்த பயனையே.

அவ்வடக்கம் நன்றென்பதைப் பிரித்தானியாவின் அனுபவம் காட்டிற்று. அங்கு நடந்த ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2016இல் அதன் அறிக்கை வெளியாயிற்று. சோதித்த 53 சுவாசப்பைகளுள் 18 மட்டுமே பொருத்துதற்குத் தக்கன எனக் கொள்ளப்பட்டன. பன்னிரு மாதங்களின் பின் உயிருடனிருந்தோர் இவற்றைப் பெற்றோருள் 67 வீதம். வழமையானவற்றைப் பெற்றோருள் 80 வீதம். இங்கும் தொகை சிறிதே. எனினும் ஒரு நகரிற் கைவந்த முறை மற்றோரிடத்தும் அவ்வாறே பலிக்குமென எதிர்பார்த்தல் பிழையாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இத்தகைய கருவியொன்றுக்கு 2014இல் வரையறைக்குட்பட்ட அனுமதியையும், 2019இல் முழு அனுமதியையும் வழங்கியது.